லெஜியனேர்ஸ் நோய்: நியூயார்க்கில் கோடை வந்தால் எழும் கேள்விகள்

2025 ஜூலை இறுதியில் நியூயார்க்கின் மத்திய ஹார்லெம் பகுதியில் ஒருவர் பின் ஒருவராக நிமோனியாவோடு மருத்துவமனைக்கு வரத் தொடங்கினார்கள். ஆகஸ்ட் 29 அன்று நகரச் சுகாதாரத் துறை இந்தப் பரவல் முடிந்துவிட்டது என்று அறிவித்தபோது நோய் கண்டவர்கள் 114 பேர். அவர்களில் 90 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், 7 பேர் இறந்துபோனார்கள். பெரிய கட்டடங்கள் உள்ள எந்த நகரத்திலும் இது நடக்கலாம். நியூயார்க்கிலோ ஒரு சாதாரண ஆண்டில்கூட 200 முதல் 700 பேருக்கு இந்த நோய் வருகிறது. அங்கே வாழ்கிறவர்களும், அங்கே பிள்ளைகள் வீட்டுக்குப் போய்வருகிறவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம்.

லெஜியனேர்ஸ் நோய் என்றால் என்ன?

நிமோனியாதான், கொஞ்சம் கடுமையான வகை. லெஜியோனெல்லா என்ற பாக்டீரியாவால் வருவது. ஏரி, ஆறு எல்லாவற்றிலும் இந்தக் கிருமி கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. அங்கே அது யாரையும் பெரிதாகத் தொந்தரவு செய்வதில்லை. நாம் கட்டிவைத்த குழாய்களிலும் தொட்டிகளிலும் தண்ணீர் வெதுவெதுப்பாகத் தேங்கும்போதுதான் அது பெருகுகிறது. 25 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை அதற்கு ரொம்பப் பிடித்த சூடு. 20க்குக் கீழே பெருகாமல் சும்மா கிடக்கும். 60க்கு மேலே போனால் சில நிமிடங்களில் செத்துவிடும். இந்த எண்கள் கீழே மறுபடி வரும்.

இதே கிருமி சிலருக்கு நிமோனியாவாக மாறாமல் காய்ச்சல், உடம்பு வலியோடு சில நாளில் போய்விடும். அதற்குப் பான்டியாக் காய்ச்சல் என்று பெயர். 1968இல் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள பான்டியாக் ஊரில் அது பரவிய இடம், வேடிக்கையைப் பாருங்கள், சுகாதாரத் துறை அலுவலகம்.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

1976 ஜூலையில் பிலடெல்பியாவின் பெல்வியூ-ஸ்ட்ராட்ஃபோர்ட் ஹோட்டலில் அமெரிக்கன் லீஜன் என்ற முன்னாள் படைவீரர் சங்கத்தின் மாநில மாநாடு நடந்தது. மாநாடு முடிந்து எல்லோரும் பென்சில்வேனியாவின் வெவ்வேறு ஊர்களுக்குத் திரும்பினார்கள். அப்புறம்தான் காய்ச்சல் தொடங்கியது. ஒவ்வொரு ஊர் மருத்துவர் கண்ணுக்கும் பட்டது ஒரு நோயாளி அல்லது இரண்டு நோயாளிகள்தான். அவர்களை ஒரே ஹோட்டலோடு சேர்த்துப் பார்க்கச் சில நாட்கள் ஆயின. கடைசிக் கணக்கு 221 நோயாளிகள், 34 மரணங்கள். ஹோட்டலுக்குள் காலே வைக்காமல் வெளியே தெருவில் இருந்த சிலருக்கும் வந்திருந்தது.

அந்த ஆண்டு அமெரிக்கா முழுக்கப் பன்றிக் காய்ச்சல் பயம். முதலில் அதைச் சந்தேகித்தார்கள். பிறகு நிக்கல் விஷமாக இருக்குமோ என்று தேடினார்கள். வழக்கமான சாயத்தில் இந்தக் கிருமி சரியாகத் தெரியாது, கிருமி வளர்க்க ஆய்வகத்தில் வைக்கும் வழக்கமான உணவுக் கலவையில் வளரவும் வளராது. அதனால் ஆறு மாதம் ஓடிவிட்டது. 1977 ஜனவரியில்தான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஜோசப் மெக்டேட் கண்டது ஒரு புதிய பாக்டீரியா என்று அறிவித்தார்கள்.

வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவர்களுக்கும் தொற்றுமா?

தொற்றாது. பாத்திரத்தைப் பிரிக்க வேண்டாம், தனி அறை வேண்டாம், பார்க்கப் போகப் பயப்படவும் வேண்டாம். 2014இல் போர்ச்சுகலில் நடந்த பெரிய பரவலின்போது ஒருவரிடமிருந்து அவரைக் கவனித்துக்கொண்டவருக்குத் தொற்றியிருக்கலாம் என்று ஒரே ஒரு சம்பவம் மருத்துவ இதழில் பதிவானது. மருத்துவ உலகம் இன்றும் அதை விதிவிலக்காகத்தான் பேசுகிறது. வீட்டில் இருவருக்கு வந்தால், இருவரும் ஒரே காற்றை, ஒரே ஷவரைப் பயன்படுத்தினார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எப்படித்தான் வருகிறது?

கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகள் வழியாக. கிருமி உள்ள தண்ணீர் நுண்துளியாகச் சிதறிக் காற்றில் மிதக்கும்போது அதை மூச்சில் இழுக்கிறோம். துளி சிறியதாக இருந்தால் நுரையீரலின் கடைசி அறை வரை போய்விடும். நம் உடம்பில் கிருமிகளை விழுங்கி அழிக்கும் செல்கள் இதையும் விழுங்கும், ஆனால் இது அழியாமல் அவற்றுக்குள்ளேயே பெருகும். தண்ணீரில் இருக்கும் அமீபாக்களுக்குள் புகுந்து வாழ்ந்து பழகிய கிருமி அது, அதே வித்தையை இங்கேயும் காட்டுகிறது.

தண்ணீர் குடிக்கும்போது புரையேறி மூச்சுக்குழாய்க்குள் போனாலும் வரலாம். விழுங்குவதில் சிரமம் உள்ள முதியவர்கள் விஷயத்தில் இதை மறக்கக் கூடாது.

கூலிங் டவர் என்கிறார்களே, கூரை மேல் நிற்கும் மரத் தொட்டியா?

இல்லை. இந்தக் குழப்பம் நியூயார்க்கில் எல்லோருக்கும் இருக்கிறது. உருண்டையாக, கூம்புத் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறதே மரத் தொட்டி, அது ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்குக் குடிநீர் அழுத்தம் தருவதற்கு. கூலிங் டவர் வேறு. பெரிய பெட்டி மாதிரி, மேலே மின்விசிறியோடு இருக்கும்.

கட்டடம் முழுமைக்குமான ஏசி உள்ளே இருந்து இழுத்த சூட்டை ஒரு தண்ணீர்ச் சுற்றில் ஏற்றிக் கூரைக்கு அனுப்புகிறது. டவருக்குள் அந்தத் தண்ணீர் மழைபோலக் கொட்ட, விசிறி காற்றை இழுக்க, கொஞ்சம் ஆவியாகி மீதி குளிர்ந்து திரும்புகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே முறையில்தான். சிக்கல் என்னவென்றால், திரும்பிவரும் தண்ணீரின் சூடு ஏறக்குறைய கிருமிக்குப் பிடித்த அளவிலேயே இருக்கிறது. கூடவே தூசி, துரு, வெயில். குழாயின் உட்சுவரில் வழவழவென்று ஒரு படலம் படியும். கிருமி அதற்குள் பத்திரமாக ஒளிந்துகொள்ளும். கிருமிநாசினியைச் சரியான அளவில் ஊற்றாவிட்டாலோ, துளிகளைப் பிடித்து நிறுத்தும் தடுப்பு உடைந்திருந்தாலோ, விசிறி கிருமியைத் தெருவுக்கே அனுப்பிவிடும்.

எவ்வளவு தூரம் போகும்?

பெரும்பாலும் சில தெருக்கள். ஆனால் காற்றும் ஈரப்பதமும் கைகொடுத்தால் நிறையவே போகும். வடக்கு பிரான்சின் பா-து-கலே பகுதியில் 2003-04இல் ஒரு ரசாயன ஆலையின் டவரிலிருந்து ஆறு கிலோமீட்டருக்கும் மேல் பரவி 86 பேருக்கு நோய் வந்தது, 18 பேர் இறந்தார்கள். 2005இல் நார்வேயின் சார்ப்ஸ்போர்க்கில் பத்து கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தவர்களுக்கும் போனது. அதனால் 'எங்கள் கட்டடத்தில் டவரே இல்லை' என்பது ஆறுதல் ஆகாது.

குழாய்த் தண்ணீர் குடிக்கலாமா? ஏசி போடலாமா? குளிக்கலாமா?

எல்லாம் செய்யலாம். ஹார்லெம் பரவல் நடந்துகொண்டிருந்தபோதே நகரச் சுகாதாரத் துறை அங்கே இருந்தவர்களுக்குச் சொன்னதும் இதைத்தான். ஜன்னல் ஏசிக்கும் இந்த நோய்க்கும் தொடர்பில்லை, அது தண்ணீரைத் தெளித்துக் குளிரவைப்பதில்லை. அதிலிருந்து சொட்டுவது காற்றின் ஈரம். வெயில் கொளுத்தும் ஆகஸ்டில் பயந்துபோய் ஏசியை அணைத்துவிட்டு ஒரு முதியவர் உட்கார்ந்திருந்தால் வெப்பத்தாலேயே அவருக்கு ஆபத்து வந்துவிடும்.

ஹார்லெமில் எந்த டவர் என்று எப்படித் தெரிந்தது?

நோயாளிகள் ஐந்து அஞ்சல் குறியீட்டுப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். அந்த வட்டாரத்தில் இருந்த டவர்களில் எல்லாம் தண்ணீர் மாதிரி எடுத்தார்கள். 10 கட்டடங்களில் இருந்த 12 டவர்களில் கிருமி இருந்தது. உடனே கிருமிநாசினி ஊற்றி, பிறகு முழுமையாகச் சுத்தம் செய்தார்கள். ஆனால் கிருமி இருந்தது என்பதால் மட்டும் அந்த டவர்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. நோயாளியின் சளியில் வளர்த்தெடுத்த கிருமியின் மரபணுவையும் டவர்க் கிருமியின் மரபணுவையும் முழுவதுமாக ஒப்பிட வேண்டும். இந்தக் கிருமி மெதுவாக வளர்வது, வாரக்கணக்கில் ஆகும்.

ஒப்பிட்டதில் இரண்டு இடங்கள் பொருந்தின. ஒன்று ஹார்லெம் ஹாஸ்பிடல், அது நகரத்தின் பொது மருத்துவமனை. இன்னொன்று பக்கத்தில் நடந்துகொண்டிருந்த கட்டுமான இடம். அங்கே என்ன கட்டிக்கொண்டிருந்தார்கள் தெரியுமா? நகரச் சுகாதாரத் துறையின் புதிய ஆய்வகம். பான்டியாக் கதையை மேலே சொன்னதற்குக் காரணம் இதுதான். சுகாதாரத்தையே தொழிலாகக் கொண்டவர்களின் கூரையிலும் பராமரிப்பு தவறும்.

சட்டம் எதுவும் இல்லையா?

இருக்கிறது, அதுவும் உயிர்கள் போன பிறகே வந்தது. 2015 கோடையில் நியூயார்க்கின் தெற்கு பிராங்க்ஸ் பகுதியில் 138 பேருக்கு நோய் வந்து 16 பேர் இறந்தார்கள். ஓபரா ஹவுஸ் ஹோட்டலின் டவர்தான் மூலம் என்று கண்டறியப்பட்டது. எந்தெந்தக் கட்டடத்தில் கூலிங் டவர் இருக்கிறது என்ற முழுப் பட்டியலே அப்போது நகரத்திடம் இல்லை. தேடித் தேடித்தான் கண்டுபிடித்தார்கள். அதே ஆகஸ்டில் சட்டம் போட்டார்கள். டவரைப் பதிவு செய்ய வேண்டும், பராமரிப்புத் திட்டம் வேண்டும், இயங்கும் காலத்தில் ஒவ்வொரு 90 நாளுக்குள்ளும் லெஜியோனெல்லா பரிசோதனை வேண்டும்.

90 நாள் என்பது நீண்ட இடைவெளி. ஜூன் தொடக்கத்தில் சுத்தமாக இருந்த டவர் ஜூலை வெக்கையில் கெட்டுப்போகலாம், அடுத்த பரிசோதனை வருவதற்குள் ஆட்கள் மருத்துவமனையில் இருப்பார்கள். ஹார்லெமுக்குப் பிறகு 2025 இலையுதிர் காலத்தில் இதை மாதம் ஒருமுறை என்று மாற்றினார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் நகரத்தின் சொந்த ஆய்வாளர்கள் போய்ப் பார்ப்பது முந்தைய ஆண்டுகளைவிடக் குறைந்துவிட்டது என்று அந்தக் கோடையில் பத்திரிகைகள் எழுதின. சட்டப் புத்தகத்தில் மாதம் ஒருமுறை என்று இருந்தால் மட்டும் போதாது, ஏணி போட்டு ஏறிப் பார்க்க ஆள் வேண்டும்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

50 வயதுக்கு மேற்பட்டவர்கள், புகைப்பவர்கள், புகைத்து நிறுத்தியவர்களும்கூட, நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள், சர்க்கரை நோயாளிகள், சிறுநீரகம் அல்லது கல்லீரல் கெட்டவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், மாற்று உறுப்பு பொருத்திக்கொண்டவர்கள், ஸ்டீராய்டு போன்ற எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள். ஆரோக்கியமான இளைஞர்களுக்கும் குழந்தைகளுக்கும் அரிதாகத்தான் வரும்.

பிராங்க்ஸ், ஹார்லெம் என்று மறுபடி மறுபடி அதே பகுதிகளின் பெயர் அடிபடுவது தற்செயல் இல்லை. வறுமை அதிகம் உள்ள இடங்களில் நுரையீரல் நோயும் சர்க்கரையும் ஏற்கெனவே அதிகம். ஒரே காற்றை இழுத்தாலும் அங்கே நோயில் விழுகிறவர்கள் அதிகம்.

சாதாரணக் காய்ச்சலா, கொரோனாவா, இதுவா என்று எப்படித் தெரியும்?

வீட்டில் இருந்தபடி தெரியாது. அதிகக் காய்ச்சல், குளிர் நடுக்கம், இருமல், மூச்சு வாங்குவது, தலைவலி, உடம்பு வலி எல்லாம் மற்றவற்றிலும் வரும். பலருக்கு வயிற்றுப்போக்கும் சேர்ந்து வரும். முதியவர்களுக்குத் திடீரென்று குழப்பம் வரும். இருக்கும் இடம் தெரியாமல் பேசுவார்கள், பெயர் மாற்றிக் கூப்பிடுவார்கள். இருமலே பெரிதாக இல்லாமல் இந்தக் குழப்பம் மட்டும் முதலில் தெரிந்த நோயாளிகளும் உண்டு. 'வயசாயிடுச்சு, தூக்கம் சரியில்லை' என்று விட்டுவிடாதீர்கள்.

கிருமி உள்ளே போன 2 முதல் 14 நாளுக்குள் அறிகுறி தொடங்கும். மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள்.

டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும்?

கடந்த இரண்டு வாரத்தில் எங்கெங்கே இருந்தீர்கள் என்று சொல்லுங்கள். பரவல் நடக்கும் பகுதி, ஹோட்டல், மருத்துவமனை, கப்பல் பயணம், ஹாட் டப் என்கிற சுடுநீர்க் குளியல் தொட்டி. எக்ஸ்ரேயில் இதுவும் மற்ற நிமோனியா மாதிரியேதான் தெரியும், அதனால் இந்தத் தகவல்தான் டாக்டரின் யோசனையை இந்தப் பக்கம் திருப்பும். 'லெஜியோனெல்லா டெஸ்ட் எடுக்கலாமா?' என்று நேரடியாகக் கேட்பதில் தப்பே இல்லை.

சிறுநீர்ப் பரிசோதனை சீக்கிரம் முடிவு தரும். ஆனால் அது பெரும்பாலும் ஒரே ஒரு வகையைத்தான், அதிகம் நோய் உண்டாக்கும் வகையைத்தான், காட்டும். அது நெகட்டிவ் என்றால் நோய் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. சளி மாதிரியும் கொடுக்க வேண்டும். வேறு வகைகளும் அதில் தெரியும், எந்த டவர் என்று பொருத்திப் பார்க்கவும் அந்த மாதிரி இருந்தால்தான் முடியும். உங்கள் சளி மாதிரி பக்கத்துத் தெருக்காரரைக் காப்பாற்றலாம்.

மருந்து இருக்கிறதா? ஊரிலிருந்து கொண்டுவந்த அமாக்ஸிசிலின் கையில் இருக்கிறதே?

அது இதற்குக் கேட்காது. இந்தக் கிருமி நம் செல்களுக்குள் புகுந்து உட்கார்ந்திருப்பதால் பென்சிலின் குடும்பத்து மருந்துகள் அதை எட்டுவதில்லை. சூட்கேஸில் மாத்திரைப் பட்டை கொண்டுபோகும் பழக்கம் நம்மிடம் நிறைய உண்டு. இந்த நோயில் அந்தப் பழக்கம் இரண்டு மூன்று நாளை வீணாக்கிவிடும். செல்லுக்குள் போய் வேலை செய்யும் அசித்ரோமைசின், லீவோஃப்ளாக்சசின் போன்றவைதான் கொடுப்பார்கள். அதையும் நீங்களாகத் தொடங்க வேண்டாம், அளவும் நாளும் ஆளுக்கு ஆள் மாறும், இதய நோயாளிகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும்.

சீக்கிரம் தொடங்கினால் பெரும்பாலானவர்கள் பிழைத்துவிடுகிறார்கள். மொத்தத்தில் பத்துப் பேரில் ஒருவர் இறக்கிறார், வேறு நோய்க்காக மருத்துவமனையில் இருக்கும்போது இது தொற்றியவர்களில் நான்கில் ஒருவர். தடுப்பூசி கிடையாது.

வீட்டில் என்ன செய்யலாம்?

உண்மையைச் சொன்னால், டவர் விஷயத்தில் நீங்கள் செய்யக்கூடியது ரொம்பக் கொஞ்சம். தெருவில் மூச்சை அடக்கிக்கொண்டு நடக்க முடியாது. வீட்டுக்குள் மட்டும் சில காரியங்கள் உண்டு.

தூங்கும்போது மூச்சுக்கு வைக்கும் சிபேப் கருவிக்கும் ஹியூமிடிஃபையருக்கும் குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். காய்ச்சி வடித்த தண்ணீர் கடையில் கேலன் கணக்கில் கிடைக்கிறது. தண்ணீரைத் தினமும் மாற்றிக் கருவியைக் கழுவுங்கள். பட்டியலில் முதலில் செய்ய வேண்டியது இதுதான், மூக்குக்கு நேராகத் துளிகளை அனுப்பும் கருவி அது.

ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வந்தால், ஷவரில் உடனே நின்றுவிடாதீர்கள். எல்லாக் குழாய்களையும் சுடுதண்ணீர், பச்சைத் தண்ணீர் இரண்டிலும் சில நிமிடங்கள் ஓடவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து வெளியே வந்துவிடுங்கள். ஷவர் தலையில் உப்புப் படிந்திருந்தால் கழற்றித் தேய்த்துக் கழுவுங்கள். கார் கண்ணாடி கழுவும் டப்பாவில் வெறும் தண்ணீர் ஊற்றாமல் அதற்கான திரவத்தையே ஊற்றுங்கள். பொது ஹாட் டப்பை ஆபத்துப் பட்டியலில் இருப்பவர்கள் தவிர்ப்பது நல்லது.

ஹீட்டர் எவ்வளவு சூட்டில் இருக்க வேண்டும்?

தொட்டிக்குள் 60 டிகிரி செல்சியஸ், அமெரிக்கக் கணக்கில் 140 டிகிரி ஃபாரன்ஹீட். கிருமி சாகும் சூடு அது. ஆனால் அதே சூட்டில் குழாயில் வந்தால் குழந்தைக்கும் முதியவருக்கும் சில நொடிகளில் தோல் வெந்துவிடும். எனவே குழாய்க்கு முன்னால் பச்சைத் தண்ணீரைக் கலந்து சூட்டைக் குறைக்கும் வால்வு பொருத்த வேண்டும். வால்வு இல்லாமல் ஹீட்டரை மட்டும் கூட்டாதீர்கள். மின்சாரச் செலவை மிச்சம் பிடிக்க 40 டிகிரியில் வைப்பது கிருமிக்குச் செய்யும் உபசாரம். அபார்ட்மென்டில் இது உங்கள் கையில் இல்லை, ஆனால் குழாயில் குறைந்தது 120 டிகிரி ஃபாரன்ஹீட் சுடுதண்ணீர் ஆண்டு முழுதும் வர வேண்டும் என்பது நியூயார்க் விதி. வரவில்லை என்றால் கேட்கும் உரிமை உண்டு.

வீட்டு ஓனர் கண்டுகொள்ளவில்லை என்றால்?

நகர நிர்வாகத்தின் புகார் எண்ணான 311க்குப் போன் செய்யுங்கள். சுடுதண்ணீர் இல்லை என்றாலும், கூரை டவரிலிருந்து சாரல் தெருவில் விழுகிறது என்றாலும் அதே எண்தான். போனில் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். புகார் எண்ணை எழுதிவைத்துக்கொள்ளுங்கள், இரண்டாவது முறை பேசும்போது அது இருந்தால்தான் வேலை நடக்கும்.

அம்மா அப்பா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். பயப்பட வேண்டுமா?

பயம் வேண்டாம், கவனம் போதும். 60, 70 வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று வருகிறவர்கள் பலர் ஆபத்துப் பட்டியலில்தான் இருக்கிறார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் அவர்கள் சொல்ல மாட்டார்கள். டாலர் செலவு என்ற நினைப்பில் 'ஒண்ணும் இல்லப்பா, ஜலதோஷம்' என்று மூன்று நாள் ஓட்டிவிடுவார்கள். பணமோ இன்சூரன்ஸோ இல்லை என்பதற்காக எமர்ஜென்சியில் பார்க்காமல் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அங்கே 1986 முதல் கூட்டரசுச் சட்டம். பில் பின்னால் வரும், அதைப் பேசிக் குறைக்கவும் தவணையில் கட்டவும் வழிகள் உண்டு. நகரப் பொது மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பு இலவசம்.

பரவல் சமயத்தில் அவர்கள் ஊர் திரும்பினால் அந்த 14 நாள் கணக்கைக் கூடவே அனுப்புங்கள். பிலடெல்பியாவில் நடந்தது நினைவிருக்கிறதல்லவா? கிருமியை இழுத்தது ஓரிடம், காய்ச்சல் வந்தது வேறிடம். சென்னையிலோ மதுரையிலோ காய்ச்சலோடு போய் உட்கார்ந்தால் அங்கே டாக்டர் டெங்குவைத்தான் முதலில் நினைப்பார். 'போன வாரம் வரை நியூயார்க்கில் இருந்தேன், அந்தப் பகுதியில் லெஜியனேர்ஸ் பரவியது' என்று ஒரு வரி சொன்னால் பாதை மாறும். அதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி மருந்துப் பையில் வைத்துவிடுங்கள்.

டவரைச் சுத்தம் செய்துவிட்டார்கள். இனி நிம்மதியா?

உடனே இல்லை. சுத்தம் செய்வதற்கு முந்தின நாள் மூச்சில் இழுத்தவருக்கு இரண்டு வாரம் கழித்தும் காய்ச்சல் தொடங்கலாம். புதிய நோயாளிகள் வருவது நின்ற பிறகே முடிந்தது என்று அறிவிப்பார்கள்.

அறிவித்த பிறகும் ஒரு கண் இருக்கட்டும். 2018 ஜூலையில் நியூயார்க்கின் லோயர் வாஷிங்டன் ஹைட்ஸ் பகுதியில் 27 பேருக்கு நோய் வந்தது. ஷுகர் ஹில் குடியிருப்பின் டவர்தான் மூலம் என்று தெரிந்து சுத்தம் செய்தார்கள். செப்டம்பர் இறுதியில் அதே பகுதியில் மறுபடி தொடங்கியது, இந்த முறை 32 பேர். ஆராய்ந்ததில் அதே டவர். அக்டோபரில் நகரம் அதை நிறுத்திவைக்க உத்தரவிட்டது.